பச்சைக்குழந்தைக்குப் புரையேறினால்? பயந்துபோன பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகன் பிறந்த ஒன்பதாம் நாள் ராத்திரி. பால் குடித்துவிட்டு மடியில் கிடந்தவன் திடீரென்று வாயைத் திறந்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். சத்தமே வரவில்லை. கண் அகல விரிந்து, முகம் செக்கச்செவேலென்று சிவந்து, அப்புறம் உதட்டோரம் நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்தது. என் அம்மா உச்சந்தலையில் ஊதினார். நான் "ஐயோ ஐயோ" என்று கத்தினேனே தவிர, கை எழவில்லை. அடுத்த அறையில் படுத்திருந்த சித்தி, கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுந்து வந்து பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினார். முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். மூன்றாவது தட்டில் மூக்கிலும் வாயிலுமாகப் பால் கொட்டியது. வீறிட்டு அழுதான். அந்த அழுகையை மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

அவனுக்கு இப்போது ஆறு வயது. அன்றைக்கு மறுநாள் குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டவை, சித்தியை நச்சரித்துத் தெரிந்துகொண்டவை, முதலுதவிப் பயிற்சியில் கற்றவை, பிறகு தங்கைகளும் தோழிகளும் நடுராத்திரியில் போன் போட்டு என்னிடம் கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. பிறந்ததிலிருந்து மூன்று மாதம் வரையுள்ள குழந்தைகளை நினைத்து எழுதியது இது. உங்கள் குழந்தைக்கு இந்த நிமிடமே மூச்சு முட்டுகிறது என்றால் முதல் கேள்வியை மட்டும் படியுங்கள்.

குழந்தை அழவும் இல்லை, இருமவும் இல்லை, மூச்சு வரவில்லை. என்ன செய்வது?

பக்கத்தில் யாராவது இருந்தால் 108க்குப் போன் போடச் சொல்லுங்கள். (இலங்கையில் 1990.) தனியாக இருந்தால் நீங்களே போட்டு, ஸ்பீக்கரை அழுத்திப் போனைக் கீழே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கட்டில் ஓரத்திலோ நாற்காலியிலோ உட்காருங்கள். குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, முன்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். குழந்தையின் தாடையை உங்கள் விரல்கள் தாங்க வேண்டும். விரல் தொண்டையை அழுத்தக் கூடாது. தலை, உடம்பைவிடத் தாழ்ந்து இருக்கட்டும். இப்போது மற்றக் கையின் உள்ளங்கை அடிப்பகுதியால், அதாவது மணிக்கட்டை ஒட்டித் தடித்திருக்கும் பகுதியால், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் ஐந்து தட்டு. ஏப்பம் வரவைக்கத் தட்டுகிற மாதிரி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, உறுதியாக விழ வேண்டும்.

சரியாகவில்லை என்றால், தலையையும் கழுத்தையும் தாங்கியபடி குழந்தையை மல்லாக்கத் திருப்புங்கள். தலை இப்போதும் தாழ்ந்தே இருக்கட்டும். நெஞ்சின் நடுவில், முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, நெஞ்செலும்பின் மேல் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியை வைத்து ஐந்து முறை அழுத்துங்கள். நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 4 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். வயிற்றை அழுத்தாதீர்கள். பெரியவர்களுக்குச் செய்வதுபோல வயிற்றை அமுக்கித் தூக்குவது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. கல்லீரல் கிழியலாம்.

மறுபடி முதுகில் ஐந்து, நெஞ்சில் ஐந்து. குழந்தை அழும்வரை அல்லது துவண்டுபோகும்வரை இதுதான். வாய்க்குள் ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் எடுங்கள். தெரியாமல் விரலைவிட்டுத் துழாவாதீர்கள், உள்ளே இருப்பது இன்னும் உள்ளே போய்விடும்.

குழந்தை துவண்டு, மூச்சும் அசைவும் நின்றுவிட்டால்: கெட்டியான தரையிலோ மேசையிலோ மல்லாக்கக் கிடத்துங்கள். நெஞ்சின் அதே இடத்தில் 30 அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில். பிறகு உங்கள் வாயால் குழந்தையின் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து மூடி இரண்டு சிறு மூச்சு. உங்கள் கன்னத்தில் அடங்கும் காற்று போதும், நெஞ்சு லேசாக எழும்பினால் சரி. மறுபடி 30, மறுபடி 2. குழந்தைக்கு உயிர்ப்பு வரும்வரை அல்லது ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கையில் வாங்கும்வரை நிறுத்தாதீர்கள்.

நெஞ்சில் இரண்டு விரலால் அழுத்த வேண்டும் என்றுதானே பயிற்சியில் சொன்னார்கள்?

எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்க இருதய சங்கம் 2025இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. இரண்டு விரலால் தேவையான ஆழத்துக்கு அழுத்த முடிவதில்லை என்பதால், ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் பழைய முறைதான் ஞாபகம் வருகிறது என்றால் அதையே செய்யுங்கள். என்னை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

இருமுகிறது, முகம் சிவக்கிறது, கண்ணில் நீர் வருகிறது. ஆனால் சத்தம் வருகிறது. அப்போதும் தட்ட வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பயங்கரமாகத் தெரிவது எல்லாம் ஆபத்து இல்லை. ஆபத்து பெரும்பாலும் சத்தம் போடாது.

இருமல், அழுகை, ஓங்கரிப்பு எல்லாம் காற்று போய் வருவதால் உண்டாகும் சத்தங்கள். குழந்தை தன் வழியைத் தானே சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. அதன் இருமலுக்கு உள்ள சக்தி நம் தட்டுக்குக் கிடையாது. நீங்கள் செய்ய வேண்டியது: பால் கொடுப்பதை நிறுத்துங்கள், குழந்தையை லேசாக முன்னால் சாய்த்து நிமிர்த்திப் பிடியுங்கள் அல்லது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயோரம் வழிவதைத் துணியால் ஒற்றி எடுங்கள், கண்ணை எடுக்காமல் பாருங்கள். அடங்கியதும் சிறிது நேரம் கழித்துப் பால் கொடுக்கலாம்.

சத்தம் மெலிந்து நின்றுபோனால், வாய் திறந்தும் அழுகை வராவிட்டால், உதடும் நாக்கும் நீலமானால், முதல் கேள்விக்குத் திரும்புங்கள்.

கக்குவது, ஓங்கரிப்பது, புரையேறுவது எல்லாம் ஒன்றா?

வீட்டில் எல்லாவற்றுக்கும் "பொறையேறிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். ஆனால் மருத்துவரிடம் போனில் சொல்லும்போது பிரித்துச் சொன்னால் அவருக்குப் புரியும். பால் குடித்த சற்று நேரத்தில் சிரமமில்லாமல் வாயோரம் வழிந்தால் அது கக்குவது. வயிற்றின் மேல்வாய் இன்னும் இறுகவில்லை என்பதால் பெரும்பாலான குழந்தைகள் கக்கும். நாலு மாத வாக்கில் அதிகமாகி, ஒரு வயதுக்குள் தானாக அடங்கிவிடும். நாக்கைத் துருத்தி, முகத்தைச் சுளித்து, "ஓக்" என்று வருவது ஓங்கரிப்பு. பிறந்த குழந்தைக்கு இந்த அனிச்சைச் செயல் நாக்கின் முன்பக்கத்திலேயே தூண்டப்படும், அதனால் அடிக்கடி வரும். அது ஒரு காவல். புரையேறுவது என்பது மூச்சுக்குழாயின் வாசலுக்குத் திரவம் போய்விடுவது. இருமினால் சரியாகிவிடும். அடைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் போவதுதான் மூச்சடைப்பு.

பிறந்து இரண்டு நாள்தான் ஆகிறது. வாயில் நுரை நுரையாக வருகிறது, திணறுகிறது. ஏன்?

கருப்பையில் இருந்தவரை குழந்தையின் நுரையீரலில் திரவம்தான் இருந்தது. பிரசவ வலியின்போது உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளத் தொடங்கும். வலி வராமலே சிசேரியன் ஆன குழந்தைகளுக்கு இது கொஞ்சம் தாமதமாகும். வயிற்றுக்குள் விழுங்கிய பனிக்குட நீரும் சளியும் முதல் இரண்டு நாள் திரும்பி வரும். ஒருக்களித்துப் பிடித்து வாயைத் துடைத்தால் போதும்.

ஆனால் ஒன்று. எச்சில் துடைக்கத் துடைக்க நுரைத்துக்கொண்டே இருக்கிறது, முதல் முறை பால் கொடுத்ததுமே நீலமாகிறது என்றால் செவிலியரை உடனே கூப்பிடுங்கள். சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு உணவுக்குழாய் முழுமையாக உருவாகாமல் பாதியில் முடிந்திருக்கும், மூச்சுக்குழாயோடு இணைந்தும் இருக்கலாம். அறுவை சிகிச்சையில் சரிசெய்யக்கூடியது. அதைக் கண்டுபிடிக்கும்வரை வாய்வழியாக ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது.

பால் குடிக்கும்போதுதான் ஒவ்வொரு தடவையும் திணறுகிறது. எனக்குப் பால் அதிகம் என்கிறார்கள். குறைக்க வேண்டுமா?

குறைக்க வேண்டாம், குடிக்கும் கோணத்தை மாற்றுங்கள்.

குழந்தை சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், மூச்சு விட வேண்டும். மூன்றுக்கும் ஒரே தொண்டை. ஒழுங்காக முறை வைத்துச் செய்யக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். (குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த ஒழுங்கு சுமார் 34 வாரத்தில்தான் அமையும், அதனால்தான் அதற்கு முன் பிறந்தவர்களுக்குக் குழாய் வழியாகப் பால் கொடுக்கிறார்கள்.) குழந்தை சப்பத் தொடங்கி ஒன்றிரண்டு நிமிடத்தில் மார்பில் ஒரு சுரீர் உணர்வு வரும், பால் இறங்கும். சிலருக்கு அது பீச்சியடிக்கும். எனக்கு அடித்தது. ஒருநாள் குழந்தை வாயை எடுத்ததும் பால் எதிர்ச்சுவர்க் காலண்டரில் போய் விழுந்தது. அந்த வேகத்தில் யார் வாயில் குழாயைத் திறந்துவிட்டாலும் திணறத்தான் செய்வார்கள்.

சித்தி சொல்லிக்கொடுத்தது: மடியில் ஒரு பழைய துண்டு வைத்துக்கொள். பால் இறங்கும் உணர்வு வந்ததும் குழந்தையை மெதுவாக எடு. முதல் பாய்ச்சலைத் துண்டில் விடு. வேகம் அடங்கியதும் திரும்பக் கொடு. மார்பு கட்டிக்கொண்டு கல்லாக இருந்தால் முதலிலேயே கையால் கொஞ்சம் பீச்சிவிடு. அப்புறம், நேராக உட்கார்ந்து கொடுக்காமல் தலையணைகளில் நன்றாகப் பின்னால் சாய்ந்து, குழந்தையை உன் மேல் படுக்கவைத்துக் கொடு. பால் மேல்நோக்கி ஏறிவர வேண்டியிருந்தால் வேகம் தானாகக் குறையும்.

இதில் கடைசி யோசனைதான் எனக்கு அதிகம் உதவியது. இரண்டு மூன்று நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. குழந்தை "களக் களக்" என்று வேகமாக விழுங்கினால், முஷ்டியை இறுக்கினால், புருவத்தைச் சுருக்கி மார்பிலிருந்து முகத்தைத் திருப்பினால், இருமல் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அது குழந்தை கேட்கும் இடைவேளை.

பாலாடையில், புட்டியில் கொடுக்கும்போது எப்படிக் கவனமாக இருப்பது?

பாலாடை நல்ல கருவி. பச்சிளங்குழந்தைகள் வார்டிலும் அதில்தான் கொடுப்பார்கள். கெடுதல் கருவியில் இல்லை, ஊற்றுகிற கையில். குழந்தையைக் காலில் கிடத்தி, கன்னத்தை அமுக்கி வாயைத் திறக்கவைத்து, அது அழ அழ ஊற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அழும் குழந்தை ஒவ்வொரு அழுகைக்கும் நடுவே மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்த நேரத்தில் வாயில் பால் இருந்தால் பால்தான் உள்ளே போகும்.

குழந்தை விழித்திருக்க வேண்டும், அழக் கூடாது. பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் சாய்த்து, தலையைத் தாங்குங்கள். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்தால் போதும். குழந்தை நாக்கை நீட்டி உறிஞ்சும். விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய்.

புட்டி என்றால் மெதுவாக வரும் ரப்பர், புட்டி ஏறக்குறைய கிடைமட்டமாக, நடுநடுவே ஓய்வு. தலையணையில் புட்டியை முட்டுக்கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போவது மட்டும் எந்த அவசரத்திலும் வேண்டாம்.

உரைமருந்து, சேனை, மூக்கில் எண்ணெய்? வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்.

இதில் நான் கறார். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர (மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து தவிர) எதுவும் வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சு. சேனையாக வைக்கும் தேன், ஒரு வயது ஆகாத குழந்தைக்கு பாட்டுலிசம் என்ற கொடிய நோயைக் கொண்டுவரலாம். மூக்கிலும் வாயிலும் விடும் எண்ணெய் இன்னும் சூழ்ச்சிக்காரப் பொருள். தண்ணீர் போனால் இருமுவோம். எண்ணெய் வழுவழுப்பாக இருமலைக் கிளப்பாமலே நுரையீரலுக்குள் இறங்கி அங்கே தங்கி, ஒரு தனி வகை நிமோனியாவை உண்டாக்கும்.

குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரல்விட்டுக் கோழை எடுப்பது, மூக்கில் வாய்வைத்து ஊதுவது, தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாமே வேண்டாம். குளித்து முடித்ததும் போடும் சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்கு ஆகாது. மூக்கு அடைத்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்கு முன்பு விடலாம். பச்சைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும், மூக்கு அடைத்தால் பால் குடிப்பதே போராட்டம்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்பவர்களுக்கு: நீங்கள் சொல்லாதீர்கள். அடுத்த தடுப்பூசிக்கு அத்தையையும் கூட்டிப்போய், மருத்துவர் வாயால் சொல்லவையுங்கள். எங்கள் வீட்டில் வசம்பு வளையலாகக் கையில் கட்டப்பட்டதோடு நின்றது அப்படித்தான்.

உச்சியில் ஊதுவது, தலையில் தட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது?

ஊதுவதால் கெடுதல் இல்லை, நேரம்தான் போகும். அந்த நேரம் இல்லை என்பதுதான் பிரச்சினை. தலையில் தட்டக் கூடாது. தலைகீழாகத் தொங்கவிட்டால் கழுத்துக்கு ஆபத்து, வழுக்கி விழவும் கூடும். பிடித்துக் குலுக்குவது மிக மோசம், மூளைக்குள் ரத்தம் கசியும்.

மல்லாக்கப் படுக்கவைத்தால் கக்குவது தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பயம் நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் உடலமைப்பு வேறு மாதிரி. கழுத்தில் மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் கீழே. எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமென்றால் மேலேறிப் போக வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழ். உணவுக்குழாயிலிருந்து வருவது அப்படியே மூச்சுக்குழாய் வாசலில் விழும்.

அமெரிக்காவில் 1994இல் குழந்தைகளை மல்லாக்கத் தூங்கவைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அதன்பின் பாதிக்கும் கீழே இறங்கியது. புரையேறிச் சாகும் குழந்தைகள் அதனால் கூடவில்லை. கக்கும் குழந்தைக்கும் இதே விதிதான். பால் குடித்தபின் 20, 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள், ஏப்பம் வந்தாலும் வராவிட்டாலும். பிறகு சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்க. தலைக்கடியில் தலையணை, சாய்வுப் பலகை எதுவும் வேண்டாம்.

அப்படியானால் தூளி?

என் மகன் தூளியில் தூங்கியவன்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது தெரிந்தது அப்போது தெரிந்திருந்தால் முதல் சில மாதம் கட்டியிருக்க மாட்டேன். சேலைத் தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் போய் முட்டும். கழுத்து நிற்காத குழந்தைக்கு அந்த மடிப்பே மூச்சுவழியைச் சுருக்கிவிடும். துணி முகத்தில் மூடும் அபாயம் தனி. எப்படியும் கட்டத்தான் போகிறார்கள் என்றால், துணியை விரித்துப்பிடிக்கும் கட்டை இல்லாமல் கட்டாதீர்கள், பகலில், கண்ணெதிரே மட்டும் போடுங்கள், தூங்கியதும் எடுத்துப் பாயில் மாற்றுங்கள். பால் குடித்த உடனே தூளியில் போடாதீர்கள்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதே?

பிறந்த குழந்தைகள் வேகமாகச் சில மூச்சு விட்டு, ஐந்து பத்து விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். இது இயல்பு. கையும் பாதமும் லேசாக நீலம் பாரித்திருப்பதும் முதல் நாட்களில் இயல்பு. 20 விநாடியோ அதற்கு மேலோ நின்றால், அல்லது நிற்கும்போது உதடும் நாக்கும் நிறம் மாறினால், துவண்டால், அது இயல்பு இல்லை. மனதுக்குள் எண்ணாதீர்கள், பயத்தில் எண்ணிக்கை ஓடும். கடிகார முள்ளைப் பாருங்கள்.

தானாகச் சரியாகிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறது. மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா?

பால் குடிக்கும்போது இருமி, அழுது, இரண்டு நிமிடத்தில் பழையபடி ஆகிவிட்டால் அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். ஆனால் உதடு நீலமாகியோ வெளிறியோ போனது, மூச்சு நின்றது, உடம்பு துவண்டது அல்லது விறைத்தது, கூப்பிட்டும் உணர்வில்லை, இவற்றில் எது நடந்திருந்தாலும் குழந்தை இப்போது சிரித்துக்கொண்டிருந்தாலும் உடனே கூட்டிப்போங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இப்படி நடந்தால் அதை "ஆபத்துக் குறைவு" என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. முதுகில் தட்டியோ நெஞ்சை அழுத்தியோ காப்பாற்றிய குழந்தையையும் கட்டாயம் காட்ட வேண்டும். நாங்கள் மறுநாள் காலைவரை காத்திருந்தோம். அது தவறு என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொன்னார்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. பச்சை நிற வாந்தி வந்தால் எந்த நேரமானாலும் ஓடுங்கள், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு வார வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பாலையும் தூரப் பீய்ச்சி வாந்தி எடுத்தாலும் காட்டுங்கள். அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடத்தில் 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், பாலே வேண்டாம் என்று கிடப்பது, எல்லாம் உடனே காட்ட வேண்டியவை. மூச்சை இழுக்கும்போது "கீச்" என்ற ஒலி, மல்லாந்து படுத்தால் அதிகம் என்றால் குரல்வளைக் குருத்தெலும்பு மென்மையாக இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் சரியாகிவிடும், ஆனால் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வீடியோ எடுக்கலாமா?

குழந்தையைக் கவனிக்க இன்னொருவர் இருந்தால், எடுங்கள். "ஒரு மாதிரி பண்ணுது டாக்டர்" என்று நாம் பத்து நிமிடம் சொல்வதைவிட இருபது விநாடி வீடியோ அவருக்கு அதிகம் சொல்லும்.

தொண்டை அடைப்பை எடுக்க என்று ஆன்லைனில் விற்கும் உறிஞ்சும் கருவி வாங்கி வைக்கலாமா?

நான் வாங்க மாட்டேன். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமே 2024இல், முதலில் முதுகுத் தட்டும் நெஞ்சு அழுத்தமும்தான் என்று எச்சரித்தது. பெட்டியைத் தேடிப் பிரிக்கிற நேரத்தில் இரண்டு சுற்று முடித்துவிடலாம்.

அந்த நாளுக்குப் பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நான் மூக்குக்குக் கீழே கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள். தூங்கும் பிள்ளையைச் சுண்டி எழுப்பி அழவைத்து, அந்த அழுகையைக் கேட்டு நிம்மதியானவள். மூன்று வாரம் இது நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "எல்லாரும் பிள்ளை பெத்தவங்கதானே" என்பார்கள் என்று தெரியும்.

அப்படியான ஒன்றைப் பார்த்தபின் இந்தப் பயம் வருவது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் பிரசவித்த உடம்புக்குத் தூக்கம் மருந்து. எங்களுக்கு உதவியது முறைவைப்பு. ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை கணவர் விழித்திருப்பார், நான் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். பாலுக்கு மட்டும் எழுப்புவார். "வேறு அறை" என்பது முக்கியம், பக்கத்தில் படுத்தால் காது தூங்காது. இரண்டு வாரத்துக்கு மேலும் தூங்க முடியவில்லை, பால் கொடுக்கவே கை நடுங்குகிறது, நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

குழந்தையை வைத்துப் பழகாதீர்கள். ஒரு பொம்மை போதும். பொம்மையின் எடை கைக்குப் பிடிபடவில்லை என்றால் மூன்று கிலோ அரிசிப் பையை ஒரு துண்டில் இறுக்கிச் சுற்றுங்கள். முன்கையில் குப்புற, தொடையில் ஊன்றி, ஐந்து தட்டு. திருப்பி ஐந்து அழுத்தம். திருப்புகிற இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள், அதை மட்டும் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். குழந்தையோடு பகலில் தனியாக இருக்கப்போவது யாரோ அவர்தான் முதலில் பழக வேண்டும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் பாட்டி. 108 என்ற எண்ணோடு வீட்டு முகவரியையும், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது கடைப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப்பெயர் மறந்துபோகும்.

எங்கள் வீட்டில் அந்த வாரமே பயிற்சி நடந்தது. சித்தி ஆசிரியை, அரிசிப் பை குழந்தை. அம்மா பையைக் கையில் கிடத்தி, முதுகு என்று காட்டிய இடத்தில் தாலாட்டுகிற மாதிரி தட்டினார்.

"பை பிஞ்சு அரிசி கொட்டிடுமேடி."

"கொட்டினா பெருக்கிக்கலாம்க்கா. நீ தட்டு."